குறியீடு ஒன்பது

முந்நூற்று நாற்பது அடி.
அமிர்தநாதர் அடியில்தான் எண்ணுவார்,
சுன்னாகத்தில் குழாய்க்கிணறு அடித்த பழக்கம்.
"தண்ணி வந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று
தேயிலைக்குள் நின்று சிரித்தார்.
வந்தது மாவு.
கருங்கல்லின் சாம்பல் நிற மாவு.
என் செருப்புத் தையலில் இன்னும் இருக்கிறது.

துளைக்குள் ஓர் உருளை இறங்கியது.
ஒற்றைக் கையை நீட்டிச் சுவரைப் பற்றிக்கொண்டு
இருட்டில் நின்றது.
இரும்புக் குழாய்க்குள் காந்த ஊசி பொய் சொல்லும்.
பதினேழு நாள் அதற்கு
வடக்கு எதுவென்று தெரியாது.
சுமத்திரா பக்கம் எங்கோ நிலம் அசைந்து
அந்த அலை வந்து தட்டிய பிறகுதான்
திலினி விதானகே கணக்குப் போட்டாள்:
நூற்றுப் பன்னிரண்டு பாகை விலகி நிற்கிறதாம்.

என் வேலை மேலே, திரைக்கு முன்னால்.
இரண்டு கோடுகள்.
பாறைக்குள் இருப்பதன் கோடு ஒன்று,
சீமெந்துத் தரையில் இருப்பதன் கோடு ஒன்று.
கீழ்க்கோடு ஆறு செக்கனுக்கு ஒருமுறை மூச்சு விடும்.
கடல், என்றாள் திலினி.
தெற்கே பருவக்காற்றில் அது புரண்டால்
ஐயாயிரம் அடி உயரத்தில் எங்கள் கல்லும் புரளுமாம்.
கடலை இரண்டே தடவை பார்த்தவள் நான்.
இப்போது இரவுக் காவல் அதற்கு.

மேல்கோடு எங்கள் கோடு.
ஆறரைக்குச் சங்கு,
ஏழுக்குள் ஸ்டோரில் உருளைகள் சுற்றும், கோடு தடிக்கும்.
பதுளை ரயில் குகைக்குள் நுழைந்தால் ஒரு புடைப்பு.
மஹ்ரூபின் கொழுந்து லொறி வளைவில் திணறினால் சீப்புப் பற்கள்,
எப்போதும் பதினொன்று.
மழைக்கு முன் சவுக்கு மரங்கள் வேரை முறுக்கும்.
ஒருநாள் விடிய மூன்று மணிக்கு
தாளம் தவறாத சிறு தட்டல்கள்.
எட்டிப் பார்த்தேன்:
கம்பத்து வெளிச்சத்தில் வீரமலர்
அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கிறாள்.

காற்று ஒன்று, வாகனம் இரண்டு,
இயந்திரம் மூன்று, மிருகம் நான்கு.
காலடிக்கு நான்குதான் போட வேண்டும்.
போட்டேன். பிறகு அழித்தேன்.
படிவத்தின் தலையில்
இதற்கெல்லாம் சேர்த்து இரைச்சல் என்று எழுதியிருக்கிறது.

ஆகஸ்டில் வேலை நிறுத்தம்.
கிலோ குறைந்தால் அரைப்பேர் என்கிற கணக்கை
இனி ஏற்க மாட்டோம் என்று
பிரட்டுக்களத்தில் எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள்,
அக்கா முதல் வரிசையில்.
சங்கு ஊதவில்லை.
மேல்கோடு மெலிந்தது. இன்னும் மெலிந்தது.
மூன்றாம் நாள்
கீழ்க்கோட்டின் சாயலே அதற்கும் வந்துவிட்டது.
மேலேயும் கடல் கேட்டது.

கொழும்பிலிருந்து அழைப்பு.
கருவி பழுதா?
இல்லை, சேர்.
பின்னே?
ஆட்கள் வேலைக்கு இறங்கவில்லை.
அதற்குப் படிவத்தில் எண் இல்லை.
ஒன்பது போட்டேன்: ஏனையவை.

ஆறாம் இரவு, ஒன்று நாற்பத்திரண்டுக்கு,
ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே
கல்லுக்குள் எதுவோ முறிந்தது.
கோப்பை ஆடவில்லை.
ஸ்டோர் நாய்கூடத் தலை தூக்கவில்லை.
கீழ்க்கோட்டில் முதலில், இமைக்கும் முன் மேல்கோட்டில்,
ஊசி நுனி அளவு.
வேலை நாளென்றால் மேலே அது
உருளைச் சத்தத்தில் மூழ்கியிருக்கும்.

திலினி கை தட்டினாள்.
கொழும்பு வாழ்த்துச் சொன்னது.
அங்கே பெரியவர் ஒருவர்,
கேலியாக இல்லை, மெய்யாகவே கேட்டார்:
இன்னொரு தடவை கிடைக்குமா
இப்படி ஓர் அமைதி, ஒரு கிழமைக்கு?

வீட்டில் கோதுமை மா கடனுக்கு வாங்கி ஐந்து நாள்.
ரொட்டி, சம்பல்; பிறகு ரொட்டி.
கேட்டுச் சொல்கிறேன், சேர், என்றேன்.

எந்த மலை என்று அக்கா கேட்டாள்.
சொன்னேன்.
அங்கேதானே புது லயம் கட்டப் போகிறார்கள், என்றாள்.
அதற்குமேல் எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை,
அவளுக்கும் கேட்க ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நாள் ஆறரைக்குச் சங்கு.
கேட்டதில் பாதி கிடைத்ததாம்.
கோடு தடித்தது. இயந்திரம், மூன்று.
எட்டேகாலுக்கு லொறி ஏறியது,
சீப்புப் பற்கள் எண்ணினேன்.
ஏழுதான்.
சும்மா இருந்த நாட்களில் மஹ்ரூப்
கியரைத் திருத்தியிருக்கிறான்.